கால் கொடுத்த மேதை அம்புருவாஸ் பாரே

மருத்துவத்தின் பணி யாது என வினவினால் உயிரைக் காத்தல் என்பதே பலரும் தரும் விடையாகும். அவ்விடை பொருத்தமானதே. எனினும் போரிலோ நோயிலோ காலை இழந்து உயிர் பிழைத்த ஒருவரை எண்ணிப் பார்ப்போமாயின் அவ்விடைக்கு அப்பாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்பதைக் காண்போம். பிழைத்தவர் எழுந்து நிற்க வேண்டும். வாசற்படியைத் தாண்ட வேண்டும். தம் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். பிறர் தோளைப் பற்றாமல் தெருவில் நடக்க வேண்டும். உயிரைத் தந்த மருத்துவம் இவற்றைத் தாராவிடின் அது பாதி வழியில் நின்றுவிட்ட மருத்துவமே ஆகும்.

இந்த உண்மையை ஐரோப்பிய மருத்துவ உலகுக்கு உணர்த்திய பெருமக்களுள் தலையாயவர் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த அம்புருவாஸ் பாரே ஆவார். இன்று கணிப்பொறியின் துணையால் தானே மடங்கி நிமிரும் செயற்கைக் கால்கள் உருவாகியுள்ளன. அக்கால்களின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்வோர் இவருடைய நூல்களையும் வரைபடங்களையும் காணாமல் கடந்து செல்ல இயலாது. அத்தகைய மேதையின் வாழ்வைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பயிற்சியும்

பிரெஞ்சு நாட்டின் வடமேற்கே லவால் என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்த சிற்றூரில் 1510ஆம் ஆண்டளவில் ஓர் எளிய குடும்பத்தில் பாரே பிறந்தார். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அக்காலத்து அறிவுலகின் திறவுகோலாக விளங்கிய இலத்தீன் மொழியையும் அவர் கற்கவில்லை. சிகை திருத்துதலோடு புண்ணுக்குக் கட்டுப் போடுதலையும் கட்டியைக் கீறுதலையும் செய்துவந்த நாவிதர்களிடம் அவர் தொழில் பயின்றார்.

அக்காலத்து ஐரோப்பாவில் மருத்துவம் படிநிலைகளாகப் பிரிந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தில் இலத்தீன் நூல்களை ஓதிய மருத்துவ அறிஞர்கள் மேல்நிலையில் இருந்தனர். அவர்கள் நோயாளியின் உடலைக் கத்தியால் தொடுவதை இழிவெனக் கருதினர். குருதி படியும் வேலைகள் யாவும் நாவித அறுவையாளர்களிடம் விடப்பட்டன. நம் தமிழகத்திலும் நாவிதர் சமூகத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கிவருவது ஈண்டு நினைவு கூரத்தக்கது. கைத்தொழிலாளர் என ஒதுக்கப்பட்டோரின் கைகளிலேயே அறுவை மருத்துவம் உயிர் வாழ்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

பாரே பாரிசு நகருக்கு வந்து ஓத்தல்தியே என்னும் பழம்பெரும் மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். ஏழை நோயாளிகள் நிரம்பி வழிந்த அவ்விடமே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஏடுகள் கூறாத பலவற்றை அவர் அங்கே கண்ணால் கண்டும் கையால் தொட்டும் கற்றார்.

எண்ணெய் தீர்ந்த இரவு

1536-37இல் பிரெஞ்சுப் படை இத்தாலியின் வடபகுதியில் போரிட்டது. அப்படையோடு அறுவையாளராகச் சென்றார் பாரே. அவருக்கு அப்போது வயது இருபத்தைந்தைச் சற்றே கடந்திருந்தது. துப்பாக்கிக் காயங்களை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

வெடிமருந்து நஞ்சுடையது என்றும், ஆகவே குண்டு பாய்ந்த புண்ணில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி அந்நஞ்சை எரித்துவிட வேண்டும் என்றும் அக்காலத்து அறுவை நூல்கள் விதித்திருந்தன. மூத்த அறுவையாளர்கள் அவ்வாறே செய்துவந்தனர். பாரேயும் அவர்களைப் பின்பற்றினார். ஒருநாள் காயமுற்றோர் மிகுதியானமையால் கையிருப்பில் இருந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து ஒரு களிம்பாக்கி எஞ்சிய வீரர்களின் புண்களில் தடவினார்.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சேறி இறந்துகிடப்பார்களோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. பொழுது புலரும் முன்னரே எழுந்து அவர்களைக் காண விரைந்தார். அங்கே அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்வையே திருப்பியது. களிம்பு பெற்றவர்கள் வலி குறைந்து, வீக்கமின்றி, ஓரளவு உறங்கியும் இருந்தனர். கொதிக்கும் எண்ணெய் பெற்றவர்களோ காய்ச்சலிலும் கடுந்துன்பத்திலும் புண் வீங்கித் துடித்துக்கொண்டிருந்தனர். குண்டடி பட்டவர்களை அவ்வாறு கொடுமையாகச் சுடுவதில்லை என்று பாரே அன்றே உறுதி பூண்டார்.

ஏட்டில் இருப்பதும் கண்ணெதிரே நிகழ்வதும் முரண்படுமாயின் கண்ணெதிரே நிகழ்வதையே நம்ப வேண்டும் என்னும் தெளிவு அவருக்கு அந்த இரவில் பிறந்தது. பட்டறிவை யாரிடமிருந்தும் ஏற்க அவர் தயங்கியதில்லை. தீப்புண்ணுக்குப் பச்சை வெங்காயத்தை உப்போடு அரைத்து இடலாம் என்று நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருவர் கூறியதையும் அவர் புறக்கணிக்கவில்லை. வெடிமருந்தால் முகம் கருகிய ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியில் வெங்காயத்தையும் மற்றப் பகுதியில் வழக்கமான மருந்தையும் இட்டு இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினார். ஆய்வுக்கூடம் என்னும் சொல்லே அறியப்படாத காலத்தில் ஒரு போர்க்களக் கூடாரத்தில் நிகழ்ந்த ஆய்வு இது.

சூட்டுக்கோலும் நூலும்

காலை வெட்டி நீக்கும் அறுவை அக்காலத்தில் பெரும் கொடுமையாக இருந்தது. மயக்க மருந்து கிடையாது. வெட்டியவுடன் பீறிட்டு வரும் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் புண்ணில் அழுத்திச் சூடு போடுவர். அந்தச் சூட்டின் அதிர்ச்சியிலேயே பலர் மாண்டனர். பிழைத்தவர்களுக்கும் சுட்ட தசை உதிர்ந்து புண் மீண்டும் திறந்துகொள்ளும். எலும்பு வெளியே நீண்டு, தசை மூடாமல், ஆறாத புண்ணோடு அவர்கள் வாழ்நாளைக் கழித்தனர். அத்தகைய காலின் மேல் செயற்கை உறுப்பு எதனையும் பொருத்துதல் இயலாது.

வெட்டுண்ட குருதிக் குழாயின் முனையைக் குறடு போன்ற கருவியால் பற்றி இழுத்து நூலால் இறுகக் கட்டிவிட்டால் சூடு போட வேண்டியதே இல்லை என்று பாரே கருதினார். காக்கையின் அலகு போன்று வளைந்த அக்கருவிக்குக் காக்கை அலகு என்றே பெயர். 1552இல் தாம்வில்லே என்னும் கோட்டையின் முற்றுகையில் அதனைச் செய்து காட்டும் வேளை வந்தது. ரோகான் பிரபுவின் பரிவாரத்தைச் சேர்ந்த ஒருவரின் காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. பாரே சூட்டுக்கோலைத் தொடாமலேயே காலை நீக்கினார். அவர் பிழைத்தார். மரக்கால் பொருத்திக்கொண்டு மகிழ்வோடு வீடு திரும்பினார். குருதியை நிறுத்துவதற்காகச் சுடப்படாமல் தப்பியதைப் பெரும் பேறாக எண்ணி அவர் மனம் நிறைந்ததாகப் பாரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். தாம் கட்டுப் போட்டதாகவும் நலம் தந்தவன் இறைவனே என்றும் அடக்கத்தோடு குறிப்பது அவருடைய வழக்கம். அந்நிகழ்ச்சியையும் அவர் அவ்வாறே முடிக்கிறார்.

குருதிக் குழாயைக் கட்டும் முறை பாரே முதன்முதலாகக் கண்டுபிடித்தது அன்று. ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவுக்கு அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவப் பேரறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 1000ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அத்தஸ்ரீஃப் என்னும் தம் பெருநூலில் தமனியை நூலால் கட்டுதலைக் குறித்துள்ளார். அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறுவையாளர்களுக்கு வழிகாட்டியாயிற்று. தம் முறைக்கு எதிர்ப்பு எழுந்தபோது பாரேயும் காலென், இப்னு சீனா முதலிய முன்னோரையே தமக்குச் சான்றாகக் காட்டினார். மறக்கப்பட்டுக் கிடந்த ஓர் அறிவைக் காலை நீக்கும் அறுவையில் துணிந்து கையாண்டு, அதனை எல்லாரும் கற்கும் வண்ணம் எழுதி வைத்ததே அவருடைய தனிப் பெருமையாகும்.

முற்றுகையும் சிறையும்

பாரேயின் புகழ் படைவீரர்களிடையே பரவியது. 1552இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசர் மெட்சு நகரை முற்றுகையிட்டார். உள்ளே காயமுற்றோர் மடிந்துகொண்டிருந்தனர். அரசர் இரண்டாம் ஹென்றி பாரேயைப் பகைவரின் காவலைக் கடந்து இரகசியமாக நகருக்குள் அனுப்பினார். அவர் வந்துவிட்டார் என்னும் செய்தியே வீரர்களுக்கு உயிர் தந்ததாக வரலாறு கூறுகிறது.

அடுத்த ஆண்டு எஸ்தேன் கோட்டை வீழ்ந்தபோது பாரே சிறைப்பட்டார். பகைவர் படைத்தலைவர்களுள் ஒருவருக்குக் காலில் பல ஆண்டுகளாக ஆறாத புண் ஒன்று இருந்தது. பாரே அதனை ஆற்றிக் கொடுத்தார். அதன் பயனாகப் பணயத் தொகை ஏதுமின்றி விடுதலை பெற்றார். இரண்டாம் ஹென்றி தொடங்கி மூன்றாம் ஹென்றி முடிய நான்கு மன்னர்களுக்கு அவர் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1554இல் பாரிசு நகர அறுவையாளர் கழகமான சேன் கோம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இலத்தீன் அறியாத ஒருவருக்கு அத்தகுதியை வழங்கியதைப் பல்கலைக்கழகத்தார் ஏளனம் செய்தனர்.

தம் காலுக்கு வந்த சோதனை

பிறர் கால்களுக்கு மருத்துவம் செய்தவரின் காலுக்கே 1561ஆம் ஆண்டு மே மாதத்தில் பேராபத்து நேர்ந்தது. படகில் ஏறும் வேளையில் குதிரை உதைத்ததால் அவருடைய கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. முறிந்த எலும்பு தோலையும் காலுறையையும் மூடணியையும் துளைத்துக்கொண்டு வெளிவந்தது. அக்காலத்தில் இத்தகைய முறிவு ஏற்பட்டோர் பெரும்பாலும் காலையோ உயிரையோ இழப்பர்.

பாரே தம் நண்பரான அறுவையாளரை அழைத்தார். நட்புக் கருதிச் சிறிதும் இரக்கம் காட்ட வேண்டாம் என்றும், முன்பின் அறியாத ஒருவருக்குச் செய்வது போலவே காலை வலுவாக இழுத்து எலும்பைப் பொருத்த வேண்டும் என்றும், வேண்டுமாயின் புண்ணைக் கத்தியால் அகலப்படுத்த வேண்டும் என்றும் அவரே வழிகாட்டினார். காய்ச்சலும் சீழும் பல நாள் வருத்தின. இறுதியில் கால் பிழைத்தது. அவர் மீண்டும் நடந்தார்.

நோயாளியாகப் படுக்கையில் கிடந்த அந்நாள்கள், நடக்க இயலாமை என்பது யாது என்பதை அவருக்கு உணர்த்தியிருக்கும் எனக் கருதுதல் பொருந்தும். ஏனெனின் அடுத்து வந்த ஆண்டுகளில்தான் செயற்கை உறுப்புகளைப் பற்றிய அவருடைய எழுத்துகள் வெளிவந்தன.

இரும்புக் காலும் மரக்காலும்

1564இல் வெளிவந்த பத்து நூல்கள் அடங்கிய அறுவை மருத்துவத் தொகுப்பிலும், 1575இல் வெளிவந்த முழுத் தொகுப்பிலும் பாரே செயற்கை உறுப்புகளின் படங்களை வெளியிட்டார். பாரிசு நகரில் சிறிய லொரேன்காரர் என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவர் அவருக்குத் துணைநின்றார். பூட்டுக்கும் கடிகாரத்துக்கும் உரிய வில், பல்சக்கரம், கொக்கி ஆகியவற்றைக் கொண்டு விரல்கள் மடங்கி நிமிரும் இரும்புக் கை ஒன்று உருவாயிற்று.

முழங்காலுக்கு மேல் வெட்டப்பட்டவர்களுக்கான செயற்கைக் கால் அதனினும் நுட்பமானது. எஞ்சிய தொடையைப் பொதிந்துகொள்ள ஓர் உறை. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூட்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் அம்மூட்டு மடங்கிவிடாமல் காக்க ஒரு பூட்டு. அப்பூட்டிலிருந்து மேல்நோக்கி வரும் ஒரு கயிறு. அமர விரும்புபவர் கயிற்றை இழுத்தால் பூட்டு விடுபட்டு முழங்கால் மடங்கும். வெளியே வீரர்களின் கால் கவசம் போன்ற தகடுகள் மூடியிருக்கும். நிற்கையில் விறைத்தும் அமர்கையில் மடங்கியும் இருக்கவேண்டிய முழங்காலை ஒருவர் தம் விருப்பப்படி கட்டுப்படுத்துவது எவ்வாறு என்னும் வினாவுக்கு அது விடை கூறியது. இன்றைய பொறியியலாரும் அதே வினாவுக்குத்தான் மேலும் சிறந்த விடைகளைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

அத்தகைய கால் செல்வர்களுக்கே எட்டக்கூடியது. ஆகவே ஏழைகளுக்கான மரக்கால் என்று தனியே குறித்து மற்றொரு படத்தையும் பாரே தம் நூலில் சேர்த்தார். முழங்காலை மடக்கி மெத்தையிட்ட தாங்கியின் மேல் மண்டியிட்டு, வார்களால் தொடையோடு கட்டிக்கொண்டு, கீழே ஊன்றிய கட்டையின் மேல் நடக்கும் எளிய அமைப்பு அது. ஊர்த் தச்சரே அதனைச் செய்துவிடலாம். மன்னர்களின் மருத்துவர் ஏழையின் மரக்காலுக்கும் தம் நூலில் ஒரு பக்கம் ஒதுக்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்மரக்காலை மனத்தில் கொண்டே எவ்விடத்தில் வெட்ட வேண்டும் என்பதையும் அவர் வகுத்தார். பாதம் மட்டும் அழுகியிருப்பினும் முழங்காலுக்கு ஐந்து விரற்கடை கீழே வெட்டுவதே நன்று என்றார். நீண்ட கீழ்க்கால் எஞ்சினால், மரக்காலில் மண்டியிடும்போது அது பின்புறம் நீட்டிக்கொண்டு பெருஞ்சுமையாகிவிடும். குண்டு பட்டுப் பாதத்தை இழந்த படைத்தலைவர் ஒருவர், புண் நன்கு ஆறிய பின்னரும் அச்சுமையைத் தாங்கமாட்டாமல், எஞ்சிய காலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே மீண்டும் வெட்டிக்கொண்டு பின்னர் எளிதாக நடந்ததை அவர் சான்றாகக் காட்டுகிறார். கத்தியை எடுக்கும்போதே நோயாளி நாளை எவ்வாறு நடப்பார் என்பதை எண்ண வேண்டும் என்பதே பாரே வகுத்த நெறியாகும்.

வெட்டி நீக்கப்பட்ட காலில் பல திங்கள் கழித்தும் வலி இருப்பதாக நோயாளிகள் முறையிடுவதையும் அவர் பதிவு செய்தார். இல்லாத காலில் வலி எவ்வாறு தோன்றும் என்று அவர்களை எள்ளி நகையாடாமல் அக்கூற்றை அவர் மெய்யென ஏற்றார். இன்று மாய உறுப்பு வலி என வழங்கப்படும் அந்நிலையை மருத்துவ நூலில் விளக்கிய முன்னோடியாக அவரே போற்றப்படுகிறார்.

தாய்மொழியில் எழுதியமை

குண்டுக் காயங்களைப் பற்றிய தம் முதல் நூலை 1545இல் பாரே பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அதன் பின்னரும் அவர் எழுதியவை யாவும் பிரெஞ்சு மொழியிலேயே அமைந்தன. இலத்தீன் அறியாமை மட்டும் அதற்குக் காரணம் அன்று. இரவும் பகலும் காயங்களோடு போராடிய நாவித அறுவையாளர்கள் எந்த மொழியைப் படிப்பார்களோ அந்த மொழியில் எழுதினாலன்றி அவர்களுக்குப் பயன் விளையாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1575இல் முழுத் தொகுப்பு வெளிவந்தபோது பாரிசு மருத்துவப் பல்கலைக்கழகத்தார் அதனைத் தடுக்க முனைந்தனர். தங்கள் ஒப்புதலின்றி மருத்துவ நூல் எதுவும் விற்கப்படலாகாது என நீதிமன்றம் வரை சென்றனர். எத்தியேன் கூர்மெலன் என்னும் பேராசிரியர் 1580இல் குருதிக் குழாயைக் கட்டும் முறையைத் தாக்கி எழுதி, சூடு போடுவதே சிறந்தது என்று வாதிட்டார். எழுபத்தைந்து வயதளவில், 1585இல் பாரே அதற்கு மறுமொழி எழுதினார். தாம் சென்ற போர்க்களங்களையும் அங்கே பிழைத்த மனிதர்களையும் ஒவ்வொன்றாக விரித்துரைப்பதே அவருடைய வாதமாக அமைந்தது. ஏட்டறிவின் செருக்கை அவர் அனுபவத்தின் சான்றுகளால் எதிர்கொண்டார். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தடுக்கப்பட்ட நூல் பலமுறை அச்சேறியது. 1582இல் இலத்தீனிலும் 1634இல் ஆங்கிலத்திலும் அது பெயர்க்கப்பட்டது.

இறுதி நாள்கள்

1590இல் உள்நாட்டுப் போரின் விளைவாகப் பாரிசு நகர் மாதக்கணக்கில் முற்றுகைக்கு உள்ளாயிற்று. மக்கள் பட்டினியால் மடிந்தனர். எண்பது வயது முதியவரான பாரே, நகரில் செல்வாக்கு மிக்கிருந்த லியோன் நகரத்துப் பேராயரைச் சேன் மிஷேல் பாலத்தருகே வழிமறித்து, ஏழைகள் உணவின்றி இறப்பதை எடுத்துரைத்து, அமைதிக்கு வழிகாணுமாறு மன்றாடினார் என்று அக்காலத்து நாட்குறிப்பாளர் ஒருவர் பதிந்துள்ளார். அவ்வாண்டு திசம்பர் 20ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 1840இல் லவால் நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. தாம் கட்டுப் போட்டதையும் இறைவன் நலம் தந்ததையும் குறிக்கும் அவருடைய வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

பாரேக்குப் பின்

பாரே காட்டிய வழி உடனே பெருவழியாகிவிடவில்லை. குருதிக் குழாய்கள் பலவற்றை விரைந்து கட்டுதற்குத் துணையாளர் பலர் வேண்டியிருந்தனர். 1718இல் ழான் லூயி பெத்தி திருகு அமைந்த குருதித் தடைக் கருவியைப் படைத்த பின்னரே அம்முறை எளிதாயிற்று. 1846இல் ஈதர் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்டரின் கிருமியொழிப்பு முறையும் வந்த பின்னர்க் காலிழந்தோர் பிழைப்பது பெருவழக்காயிற்று. பிழைத்தோர் பெருகப் பெருக நல்ல செயற்கைக் கால்களின் தேவையும் பெருகியது.

நம் நாட்டில் 1968இல் ஜெய்ப்பூர் நகரத்து அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும், ஏட்டுப் படிப்பு மிகுதியும் இல்லாத கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் இணைந்து ரப்பராலான ஜெய்ப்பூர்ப் பாதத்தை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் இருந்தாக வேண்டும். ஜெய்ப்பூர்ப் பாதத்தைக் கொண்டு வெறுங்காலோடு வயல் சேற்றில் நடக்கலாம், தரையில் சம்மணமிட்டு அமரலாம், குந்தியும் இருக்கலாம். மருத்துவரும் கொல்லரும் அன்று பாரிசில் கூடியது போலவே மருத்துவரும் கைவினைஞரும் ஜெய்ப்பூரில் கூடினர். மலிவான அக்கால் எண்ணற்ற ஏழை மக்களை நடக்க வைத்தது.

1997இல் ஜெர்மானிய நிறுவனமான ஓட்டோபாக் நுண்கணிப்பொறி அமைந்த முழங்காலை அறிமுகப்படுத்தியது. அதிலுள்ள உணர்கருவிகள் முழங்காலின் கோணத்தையும் அதன் மேல் விழும் பளுவையும் நொடிக்கு 50 முறை அளக்கின்றன. அதற்கேற்ப உள்ளிருக்கும் எண்ணெய்க் குழலின் தடை கூடியும் குறைந்தும் மூட்டைக் காக்கிறது. பாரேயின் கயிறும் பூட்டும் செய்த பணியை அங்கே கணிப்பொறி செய்கிறது. கயிற்றை இழுக்கும் கை இனி வேண்டியதில்லை.

எனினும் அத்தகைய முழங்கால் பளுவைத் தாங்குமேயன்றித் தானே உந்தாது. நாம் நடக்கும்போது கெண்டைத்தசை பாதத்தை ஊன்றி உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. அத்தசை இல்லாதவர் ஒவ்வோர் அடிக்கும் மிகுதியான ஆற்றலைச் செலவிட நேர்கிறது. இக்குறையைப் போக்க மின்விசையும் வில்லும் கொண்ட கணுக்கால்களை உருவாக்கியவர்களுள் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹியூ ஹெர் குறிப்பிடத்தக்கவர். 1982இல் பனிமலையில் சிக்கித் தம் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த அவர், தாம் உருவாக்கிய கால்களாலேயே நடக்கிறார். எதிரெதிராக இயங்கும் தசைகளை வெட்டுமிடத்திலேயே மீண்டும் இணைத்து, செயற்கைக் காலின் நிலையை மூளை உணருமாறு செய்யும் புதிய அறுவை முறையும் அவர் குழுவினரின் முயற்சியால் 2016இல் தொடங்கியது.

இங்கேதான் பாரேயின் நெறி முழுமை பெறக் காண்கிறோம். அவர் வகுத்த ஐந்து விரற்கடை அளவு இன்று வழக்கில் இல்லை. இக்காலத்துச் செயற்கைக் காலில் மண்டியிட வேண்டுவதில்லை. எஞ்சிய காலைப் பொதிந்துகொள்ளும் உறையே உடலைத் தாங்குகிறது. ஆகவே அளவு மாறிற்று. ஆயினும் வரப்போகும் செயற்கைக் காலை எண்ணியே கத்தியை எடுக்க வேண்டும் என்னும் கோட்பாடு மாறவில்லை. அன்று மரக்கட்டைக்காக எண்ணப்பட்டது இன்று மின்காலுக்காக எண்ணப்படுகிறது.

நிறைவுரை

நாவிதக் கடையில் தொடங்கி மன்னர் அவை வரை உயர்ந்த பாரேயின் வாழ்விலிருந்து மாணவர்கள் பெறத்தக்கன பல. கண்டறிந்த உண்மைக்கு மாறாக முன்னோர் கூற்று இருப்பினும் உண்மையின் பக்கமே நிற்றல் ஒன்று. கொல்லரிடமும் மூதாட்டியிடமும் கூட அறிவைப் பெறத் தயங்காமை மற்றொன்று. பெற்ற அறிவைத் தாய்மொழியில் எழுதி, அது யாருக்குத் தேவையோ அவர்கள் கையில் சேர்த்தல் பிறிதொன்று. தமிழில் மருத்துவமும் பொறியியலும் எழுத இயலுமா என்று இன்றும் ஐயுறுவோர் உளர். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஐயத்தோடு எழுந்த எதிர்ப்புக்குப் பாரே தம் நூல்களையே விடையாக விட்டுச் சென்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டுண்ட காலைக் கண்டவிடத்து அதற்குரிய மனிதரை மறவாத உள்ளம் அவருக்கு வாய்த்திருந்தது. இன்று நுண்கணிப்பொறிக் கால்களின் விலை பல இலட்சம் உரூபாய். நம் நாட்டில் காலிழந்தோருள் பெரும்பாலோருக்கு அவை எட்டாக்கனியே. செல்வர்க்கு இரும்புக் காலை வரைந்த அதே கையால் ஏழைக்கு மரக்காலையும் வரைந்தவர் பாரே. நாளை பொறியியலும் மருத்துவமும் கற்று வெளிவரும் நம் மாணவர்கள் அவ்விரண்டாம் படத்தை நினைவில் கொள்வார்களாக. எளியோர் கைக்கு எட்டும் விலையில் அறிவுடைய கால் ஒன்றை அவர்கள் படைப்பார்களாயின், பாரே தொடங்கிய பணி அன்று நிறைவெய்தும்.